‘ப்யூர்’ என்னும் அடைமொழி: புதுக்கோட்டை தரும் சான்றுகள்

இன்று பேச எடுத்துக்கொண்டது ‘ப்யூர்’ என்ற ஓர் ஆங்கில அடைமொழி. புதுக்கோட்டைக் கீழராஜ வீதியில் ஒருமுறை போய்வந்தால் போதும், அதன் பொருள்கள் எல்லாம் கடைப் பலகைகளில் வரிசையாக நிற்கும். ப்யூர் கோல்டு, ப்யூர் சில்க், ப்யூர் நெய், ப்யூர் வெஜ். அகராதி பிரித்துச் சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். கலப்பில்லாதது என்பது ஒரு பொருள், அழுக்கில்லாதது இரண்டாவது, ஒழுக்கத்தில் களங்கமில்லாதது மூன்றாவது. நான்காவதாக ‘வெறும்’, ‘முழுக்க முழுக்க’ என்றும் ஒரு பொருள் உண்டு. நம் பேச்சில் ‘சுத்த’ என்ற சொல் இந்த நான்காவது வேலையையும் சேர்த்தே செய்கிறது. சுத்தப் பொய் என்கிறோம், சுத்த மோசம் என்கிறோம், சுத்தமாக மறந்துபோச்சு என்கிறோம். தூய பொய் என்று எவரும் சொல்வதில்லை. ஆக ‘சுத்த’ என்பதும் ‘ப்யூர்’ என்பதும் அடிப்படையில் பாராட்டுச் சொற்களே அல்ல. வேறெதுவும் இதில் சேரவில்லை என்று மட்டும் அவை சொல்கின்றன. சேராமல் இருப்பதே சிறப்பு என்ற எண்ணம் பின்னால் வந்து ஏறிக்கொண்டது. அந்த எண்ணம் பொருள்களை விட்டு மனிதர்கள் மேல் ஏறும்போது என்ன நடக்கிறது என்பதுதான் இந்தச் சொற்பொழிவின் விஷயம். சான்றுகளைத் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. இந்த மாவட்டத்திலேயே வேண்டிய அளவு கிடைக்கின்றன.

முதலில் அந்தச் சொல் ஒழுங்காக நடந்துகொள்ளும் இடத்தைப் பார்ப்போம். நகைக்கடையில் 916 என்று முத்திரை இருந்தால் ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம் என்று பொருள். மீதி 84 பங்கு செம்பும் வெள்ளியும். அதை யாரும் ஒளிப்பதில்லை. கலப்பில்லாத தங்கம் வளைந்துவிடும், நகைக்கு ஆகாது என்பது வாங்குபவருக்கும் தெரியும், விற்பவருக்கும் தெரியும். சந்தேகம் வந்தால் உரசிப் பார்க்கலாம், சோதனைக்கூடத்துக்கு அனுப்பலாம். குடிநீரும் அப்படியே. இந்தியத் தரநிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 10500 என்ற தரக்குறிப்பு, ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் உப்புகள் 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு வழியே இல்லாத ஊரில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் விட்டுக்கொடுக்கிறது. கிருமி விஷயத்தில் மட்டும் தயவு தாட்சண்யம் கிடையாது. 100 மில்லி நீரில் ஈ.கோலை இருக்கவே கூடாது. இந்த இடங்களில் எல்லாம் ‘ப்யூர்’ என்பது நேர்மையான சொல். அதற்கு ஓர் அளவு இருக்கிறது, அளக்கக் கருவி இருக்கிறது, அளந்தவர் தவறிவிட்டார் என்று முறையிட ஓர் இடமும் இருக்கிறது. முழுமையான தூய்மையை அங்கே யாரும் கோருவதுமில்லை. இன்ன காரியத்துக்கு இவ்வளவு போதும் என்று ஒரு கோட்டைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். ‘ப்யூர் வெஜ்’ பலகைக்கு வந்தால் நிலைமை கொஞ்சம் மாறுகிறது. வெஜ் என்றாலே இறைச்சி இல்லை என்று ஆகிவிட்டது. அதற்கு மேல் ‘ப்யூர்’ எதற்கு? அந்தச் சமையலறையில் எது நுழையாது, யார் நுழையமாட்டார்கள் என்பதற்கான உத்தரவாதம் அது. அடைமொழி சாப்பாட்டிலிருந்து சாப்பிடுகிறவரை நோக்கி மெல்ல நகர ஆரம்பிப்பது இங்கேதான்.

மனிதர்கள் மேல் அது ஏறிய விதத்துக்கு இந்த ஊர் அரண்மனையே நல்ல சான்று. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-ல் ஆஸ்திரேலியாவில் மோலி ஃபிங்க் என்ற பெண்ணை மணந்தார். மறு ஆண்டு மகன் பிறந்தான். பிரிட்டிஷ் அரசு மோலியை ராணியாக ஏற்கவில்லை, மகனை வாரிசாகவும் ஏற்கவில்லை. மன்னர் 1928-ல் பாரிஸில் இறந்தபோது, ஆறு வயதுச் சிறுவன் ராஜகோபாலத் தொண்டைமான் பட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மன்னரின் மகனிடம் குறை என்ன? ஆட்சித் திறமையை யாரும் அளந்து பார்க்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பையனிடம் அளக்கவும் எதுவுமில்லை. ரத்தத்தில் கலப்பு இருக்கிறது, அவ்வளவுதான். இதில் வேடிக்கை என்னவென்றால் கலப்பை விரும்பாத கட்சிகள் இரண்டு, காரணங்கள் வெவ்வேறு. ஐரோப்பியப் பெண் இந்திய மன்னரை மணப்பது வெள்ளையர் மதிப்புக்கு இழுக்கு என்று ஒரு பக்கம். அன்னியப் பெண் வயிற்றுப் பிள்ளை குலத்துக்கு ஆகாது என்று மறு பக்கம். தங்கத்தில் கலந்த செம்பை எடைபோட்டுச் சொல்லலாம். ரத்தத்தில் எத்தனை பங்கு எது என்று பார்க்க எந்த உரைகல்லும் கிடையாது. அளவு இல்லாத இடத்தில் அந்தத் தீர்ப்புக்கு அப்பீலும் இல்லாமல் போயிற்று.

அதே மன்னர்தான் சில ஆண்டுகளுக்கு முன் இன்னொரு வழக்கில் நீதிபதியாக இருந்தார். ஆண்கள் மட்டுமே படித்துவந்த மகாராஜா கல்லூரியில் சேர ஒரு பெண் விண்ணப்பித்தார். பெயர் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி ஐயர், அக்கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். பெண் வந்தால் மாணவர்களின் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் அதைத் தள்ளிவிட்டு இடம் கொடுத்தார். இந்த எதிர்ப்பின் அமைப்பைச் சற்றுக் கவனிக்க வேண்டும். கெடப்போவதாகச் சொல்லப்பட்டது பையன்களின் மனம். ஆனால் வெளியே நிற்கச் சொன்னது பெண்ணை. மனிதர்கள் விஷயத்தில் ‘தூய’ என்ற சொல் எங்கே வந்தாலும் இந்தக் கணக்குத்தான் நடக்கிறது. காப்பாற்றப்படுவது ஒருவருடைய தூய்மை, அதற்கான செலவு இன்னொருவருடையது.

இந்தச் சொல் சமூக சீர்திருத்தத்தின் கொடியானது இங்கிலாந்தில். ராணுவத்தினரை நோயிலிருந்து காப்பதாகச் சொல்லி 1864 முதல் கொண்டுவரப்பட்ட தொற்றுநோய்ச் சட்டங்கள் பெண்களை மட்டும் பிடித்துக் கட்டாய மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தின. ஜோசஃபின் பட்லர் அதை எதிர்த்துப் போராடி 1886-ல் நீக்கவைத்தார். முத்துலட்சுமி பிறந்ததும் அதே ஆண்டு. பட்லரின் கேள்வி நியாயமானது, அது சமத்துவக் கேள்வி: ஆணுக்கு ஒரு சட்டம், பெண்ணுக்கு ஒரு சட்டமா? ஆனால் அந்த இயக்கத்தோடு கிளம்பிய ‘சமூகத் தூய்மை’ என்ற முழக்கம் பிற்பாடு தன்போக்கில் போயிற்று. நம் பக்கத்தில் மசூலிப்பட்டினத்தில் ரகுபதி வேங்கடரத்னம் நாயுடு அந்தப் பெயரிலேயே சங்கம் நடத்தினார். சென்னையில் 1890-களில் நாட்டியக் கச்சேரிகளுக்கு எதிரான விண்ணப்பங்கள் வைஸ்ராய் வரை போயின. விருந்துக்கு அழைத்த கனவான்களின் ஒழுக்கத்தைப் பற்றி அவற்றில் கவலை இருந்தது. ஆடிய பெண் நாளைக்கு எதைச் சாப்பிடுவாள் என்பது அந்தக் கவலையின் எல்லைக்குள் வரவில்லை.

மகாராஜா கல்லூரியில் சேர்ந்த அந்த முத்துலட்சுமிதான் பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1926-ல் சென்னைச் சட்டசபைக்கு வந்தார், துணைத் தலைவருமானார். 1927 நவம்பரில் சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் காங்கிரஸ்காரர் சத்தியமூர்த்தி. அவரும் நம்மவரே, திருமயத்தில் 1887-ல் பிறந்தவர். ஒரே சமஸ்தானத்தில் ஓராண்டு இடைவெளியில் பிறந்த இருவர், சென்னையில் எதிரெதிர் நிற்கிறார்கள். சத்தியமூர்த்தி சமயத்தையும் கலையையும் மரபையும் முன்வைத்தார், முத்துலட்சுமி சிறுமிகளின் வாழ்க்கையை. என் கட்சி எது என்று கேட்டால் தயக்கமே இல்லை, முத்துலட்சுமி பக்கம்தான். ஆனால் அவர் பக்கம் நின்று பேசிய பலரும், சில வேளைகளில் அவருமே, கையில் எடுத்த ஆயுதம் தூய்மை என்ற சொல். அந்த ஆயுதம் தேவைப்பட்டதா என்பதே கேள்வி. சத்தியமூர்த்தி தரப்பும் அதே சொல்லைத்தான் வைத்திருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கோயில் பணி தூயது, அதற்கு வந்தவள் தூயவள் என்றார்கள். அந்தக் காலத்தில் அது தூயதாக இருந்திருக்கலாம், இப்போது அப்படியில்லை என்றது முத்துலட்சுமி தரப்பு. மூன்றாவது ஒரு தரப்பும் இருந்தது. சென்னைத் தேவதாசிகள் அரசுக்கு விண்ணப்பம் எழுதினார்கள், அதில் முன்நின்றவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். எங்களை விபசாரிகள் என்று மொத்தமாகப் பெயர் சூட்டாதீர்கள், கல்வி கொடுங்கள் என்று கேட்டார்கள். இந்த நாகரத்தினம்மாள்தான் முத்துப்பழனி எழுதிய தெலுங்குக் காவியம் ராதிகா சாந்த்வனத்தை 1910-ல் பதிப்பித்தவர். ஆபாசம் என்று அரசு அதைத் தடைசெய்தது, தடை நீங்க 1947 ஆயிற்று. ஆண் புலவர்கள் எழுதிய சிருங்காரக் காவியங்கள் பாடசாலையில் பாடமாக இருந்த நாட்டில்தான் இது நடந்தது.

இனிச் சட்டங்களுக்கு வருவோம். இங்கேதான் என் வாதத்தின் நடுப்பகுதி இருக்கிறது. 1929-ல் முத்துலட்சுமியின் முயற்சியால் இந்து அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் நிறைவேறியது. தேவதாசிகள் பலருக்குக் கோயில் மானிய நிலம் இருந்தது. அது சும்மா வந்ததல்ல, ஊழியத்துக்குக் கட்டுப்பட்டது. ஊழியத்தை விட்டால் நிலம் போகும். திருமணம் செய்துகொண்டு தனிக்குடித்தனம் போக நினைத்தாலும், மகளைப் பள்ளிக்கு அனுப்ப நினைத்தாலும், காலைப் பிடித்து இழுப்பது அந்த நிலம்தான். தாய் ஓய்ந்ததும் நிலம் கைவிட்டுப் போகாமல் இருக்க மகளுக்குப் பொட்டுக்கட்ட வேண்டும். திருத்தம் இந்த முடிச்சை அறுத்தது. நிலம் உனக்கே, ஊழியம் கட்டாயமில்லை, தீர்வையை மட்டும் கட்டு என்றது. இதில் தூய்மை என்ற சொல்லுக்கு எந்த வேலையும் இல்லை. அந்தப் பெண் நல்லவளா கெட்டவளா, அவள் முன்னோர்கள் எப்படி இருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நிலத்தையும் உரிமையையும் பற்றிய ஒரு பிரிவு, அவ்வளவே. விடுதலைக்கு உண்மையில் வழிவிட்டது இதுதான் என்பது என் கட்சி.

பதினெட்டு ஆண்டு கழித்து, 1947-ல், பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதன் முகவுரையில் நம் அடைமொழி நேரடியாகவே வந்து உட்கார்ந்திருக்கிறது. இந்த வழக்கம் தோற்றத்தில் எவ்வளவு தொன்மையும் தூய்மையும் உடையதாக இருந்தாலும், அர்ப்பணிக்கப்பட்ட பெண்கள் பலரை விபசார வாழ்வுக்கு இட்டுச்செல்கிறது என்பது அதன் கருத்து. சட்ட வரைவாளரின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். கோயிலுக்குத் தூய்மை கிடைத்துவிட்டது. முன்னோருக்குக் கிடைத்துவிட்டது. வழக்கத்தை ஏற்படுத்திய மன்னர்களுக்கும் பூசாரிகளுக்கும் சேர்த்துக் கிடைத்துவிட்டது. சட்டம் எழுதப்பட்டபோது உயிரோடு இருந்த பெண்களுக்கு மட்டும்தான் மறு பாதி வந்து சேர்ந்தது. ஒரே வாக்கியத்தில் ‘ப்யூர்’ என்ற சொல் பழி முழுவதையும் ஒரு தலைமுறைப் பெண்களின் தலையில் இறக்கிவிட்டது. அதோடு நிற்கவும் இல்லை. கோயில் வளாகத்திலும் சுவாமி புறப்பாட்டிலும் பெண் ஆடுவதே சட்டவிரோதம் என்று அச்சட்டம் அறிவித்தது. சிறுமிகளைக் காக்க அது தேவையில்லை. பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்ணை விபசாரத்துக்காக ஒப்படைப்பது தண்டனைச் சட்டத்தின் 372, 373 பிரிவுகளில் 1924 முதலே குற்றமாக இருந்தது. நாற்பது வயதுக்காரி கோயிலில் கும்பாரத்தி விளக்கு எடுத்து ஆடினால் எந்தச் சிறுமிக்கு என்ன கெடுதல்? அந்தப் பிரிவு சிறுமியைப் பற்றியதல்ல, இடத்தின் தூய்மையைப் பற்றியது.

புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்ததால் சென்னைச் சட்டங்கள் இங்கே தாமாகச் செல்லாது. 1948 மார்ச் 3-ஆம் நாள் சென்னை மாகாணத்தோடு இணைந்த பிறகே அவற்றுக்கு வழி பிறந்தது. சொந்த ஊர்ப் பெண்களுக்கு முத்துலட்சுமியால் நேராகச் சட்டம் செய்ய முடியவில்லை என்பது இந்த வரலாற்றின் ஒரு துன்பமான பகுதி. அதற்குள் சென்னையில், தேவதாசிகள் ஆடிவந்த சதிர் என்ற ஆட்டத்துக்குப் பரதநாட்டியம் என்று பெயர் மாறி, மேடை மாறி, ஆடுகிறவர்களும் மாறிவிட்டார்கள். ருக்மிணி தேவி 1935-ல் ஆடினார், அடுத்த ஆண்டு அவருடைய நடனப் பள்ளி கலாக்ஷேத்ரா பிறந்தது. அவருக்குக் கற்பித்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, பரம்பரை நட்டுவனார்தான். அடவு பழையது, பாட்டு பழையது, குருவும் பழைய மரபு. ஆடுகிற பெண் எந்த வீட்டிலிருந்து வந்தாள் என்பதே புதிது. கோயிலில் ஆடினால் குற்றம், சபாவில் ஆடினால் புனிதக் கலை என்று ஒரே ஆட்டத்துக்கு இரண்டு பெயர் வைக்க அந்த ஓர் அடைமொழிக்கு மட்டுமே சாமர்த்தியம் இருந்தது. நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி 1975-ல் தமிழிசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில் இதற்குப் பதில் சொன்னார். பரதத்தைத் தூய்மைப்படுத்த வருகிறவர்கள் மெருகேறிய பொன்னுக்கு மேல்பூச்சுப் பூச வருகிறார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். சிருங்காரத்தை எடுத்துவிட்டால் மீதி என்ன என்பது அவர் கேள்வி. நம் மாவட்டத்து விராலிமலையில் சிறு வயதிலேயே பொட்டுக்கட்டப்பட்டு, முருகன் சந்நிதியில் சதிர் ஆடி, விராலிமலைக் குறவஞ்சியைக் கைவிடாமல் வைத்திருந்த முத்துக்கண்ணம்மாளுக்கு 2022-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. சட்டத்துக்கும் விருதுக்கும் நடுவே எழுபத்தைந்து ஆண்டு இடைவெளி.

இவ்வளவு சொன்னால் எழக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியாமலில்லை. தேவதாசி முறையின் கொடுமையை மறைத்து, கலை என்று பூ முடிக்கிறாயா என்று கேட்கலாம். இல்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்த வாழ்க்கைக்குள் இருந்து வெளியே வந்தவர். 1936-ல் வெளியான ‘தாசிகள் மோசவலை’ நாவலில் பணக்கார ஆண்களையும் மைனர்களையும் தரகு வியாபாரத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவருடைய சாட்சியத்தை ஒதுக்கிவிட்டு யாரும் சதிரைப் புகழக்கூடாது. ஆனால் அவர் காட்டுவதும் சுரண்டலை. சுரண்டலுக்கு எதிர்ச்சொல் தூய்மை அல்ல, உரிமை. கனமான இன்னொரு மறுப்பு உண்டு. 1920-களின் சட்டசபையில் ஜமீன்தார்களும் மடாதிபதிகளின் ஆட்களும் வைதிகர்களும் நிறைந்திருந்தபோது, உரிமை என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வாக்காவது வாங்கியிருக்க முடியுமா, தூய்மை என்று பேசினால்தான் அவர்கள் காது கொடுப்பார்கள் என்று சொல்லலாம். இதில் உண்மை இருக்கிறது. முத்துலட்சுமி அரசியல் தெரிந்தவர், எதிராளியின் சொல்லாலேயே எதிராளியை மடக்கினார். ஆனால் நாள்கணக்கு வேறு கதை சொல்கிறது. தூய்மை பேசாத நிலத் திருத்தம் 1929-லேயே நிறைவேறியது. தூய்மை பேசிய தடைச் சட்டம் அதற்குப் பின் பதினெட்டு ஆண்டு காத்திருந்தது. அவ்வளவு செல்வாக்குள்ள சொல் என்றால் இந்தத் தாமதம் ஏன்?

ஆங்கிலச் சொல்லை ஏன் குற்றம் சொல்ல வேண்டும், தீட்டு என்பது நம்முடையதுதானே என்றும் கேட்கலாம். முற்றிலும் சரி. ஆங்கிலேயர் கப்பல் ஏறுவதற்கு முன்பே இங்கே தீட்டு இருந்தது. பழைய தீட்டு கூச்சமில்லாமல் சாதியைச் சொன்னது. ‘ப்யூர்’ என்ற சொல் அதற்கு மருத்துவமனையின் வெள்ளை உடையை மாட்டி, சட்டப் புத்தகத்தின் மொழியைக் கொடுத்தது. அதனால் சுகாதாரம் பேசுகிறோமா சாதி பேசுகிறோமா என்பதே குழம்பிப்போயிற்று. இதற்கும் இந்த மாவட்டத்திலேயே சான்று உண்டு. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தொட்டியில் மலம் கிடந்தது. யார் செய்தது என்பதில் சி.பி.சி.ஐ.டி. 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது, அதை ஊர் மக்கள் மறுத்தார்கள். அதற்குள் நான் நுழையவில்லை. இரண்டு தூய்மைகள் அங்கே அக்கம்பக்கமாக வெளிப்பட்டன என்பது மட்டும் என் பேச்சுக்கு வேண்டியது. நீர் கெட்டதைக் குழந்தைகளின் உடம்பும் சோதனைக்கூடமும் சொல்லிவிட்டன. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர் முன், பக்கத்து இறையூர்த் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருப்பதும் அய்யனார் கோயிலுக்குள் தலித்துகள் அனுமதிக்கப்படாததும் வெளியே வந்தன. தொட்டி நீரைச் சோதிக்க ஐ.எஸ். 10500 இருக்கிறது. அந்தக் குவளையை எந்தச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவது? அதில் எத்தனை மில்லிகிராம் என்ன கண்டுபிடிப்பார்கள்?

கடைசியாக ஒரு மறுப்பு, சொல்லை மாற்றிவிட்டால் சரியாகிவிடாதா என்பது. மாற்றியும் பார்த்தாகிவிட்டது. 2020-ல் தமிழ்நாடு அரசு துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றியது. நல்லெண்ணம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஊரைத் தூய்மை செய்கிறவருக்கு அந்த அடைமொழி பெயரில் மட்டுமே ஒட்டியது. குவளையிலும் கூலியிலும் ஒட்டவில்லை. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு அவர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள், நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். இரண்டு மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுக்காதீர்கள், எங்களை நிரந்தரமாக்குங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. 1929-ன் நிலத் திருத்தத்தைப் போலவே அதிலும் அடைமொழி ஏதும் இல்லை, பணியையும் சம்பளத்தையும் பற்றிய பிரிவுகள்தான் இருந்தன.